லேடில் வெப்பத் தகைவுக் கணக்கில் நான் பட்ட பாடு

உருகிய எஃகைத் தாங்கும் லேடில் என்ற பெரிய கொப்பரையின் உட்சுவரில் எழும் வெப்பத் தகைவைக் (சூடு ஏறி இறங்குவதால் பொருளுக்குள் எழும் அழுத்த, இழுவிசைகளை) கணினியில் கணக்கிட்டுத் தரும் வேலை என்னிடம் வந்தபோது, "ரெண்டு மாச வேலைதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பெரும்பகுதி மென்பொருளில் போகவில்லை. சரியான எண்களைத் தேடி அலைந்ததிலும், வந்த எண்களை நம்பலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததிலும் போனது. எங்கள் பிரிவில் இதை முன்பு முழுதாகச் செய்து முடித்தவர் யாரும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் வண்ணப் படமும் முடிவும் இருக்கும். அந்தப் படம் வருவதற்குள் எங்கெங்கே முட்டிக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. இதே வேலை கையில் வந்து தனியாக மாட்டிக்கொண்டிருப்பவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிரச்சினை இதுதான். லேடிலின் வெளியே எஃகுக் கூடு, அதாவது ஷெல். அதை ஒட்டி உள்ளே மெல்லிய இன்சுலேஷன், அதற்கு உள்ளே பாதுகாப்பு அடுக்கு, கடைசியாக உருகிய எஃகைத் தொடும் மெக்னீசியா-கார்பன் செங்கல். எஃகு 1600 டிகிரி செல்சியசுக்கு மேல் வந்து விழும், கொஞ்ச நேரம் நிற்கும், காலியாகும். லேடில் காத்திருக்கும், மறுபடி நிரம்பும். எங்களுடைய லேடில்களில் செங்கலின் உள்விளிம்புகள் சில்லுச் சில்லாகத் தெறித்துக்கொண்டிருந்தன. ஷெல்லும் மேல்பகுதியில் லேசாகப் புடைத்திருந்தது. இந்த நிலையில், கார்பன் குறைவான புதுச் செங்கலுக்கு மாறலாம் என்று ஒரு யோசனை வந்தது. கார்பன் குறைந்தால் வெப்ப இழப்பு குறையும், எஃகில் கார்பன் ஏறுவதும் குறையும். ஆனால் செங்கல் விறைப்பாகும், திடீர்ச் சூட்டைத் தாங்கும் திறன் இறங்கும். "தாங்குமா தாங்காதா, கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லிடுங்க" என்றார்கள். கம்ப்யூட்டர் சொல்லும் என்று அவர்கள் நம்பியதுதான் எனக்கு முதல் பாரம்.

முதலில் செங்கலின் பண்புகள் வேண்டும். செங்கல் விற்ற நிறுவனத்திடம் கேட்டேன். ஒற்றைப் பக்கத் தாள் வந்தது. அடர்த்தி, நுண்துளை விகிதம், குளிர்நிலையில் நொறுங்கும் வலிமை, கார்பன் அளவு. அவ்வளவுதான். எனக்கு வேண்டியது வெப்பநிலை ஏற ஏற மாறும் கடத்துதிறன், விரிவுக் குணகம், யங் குணகம் (விறைப்பின் அளவு), வலிமை. அந்தத் தாள் செங்கலை வாங்குபவருக்காக எழுதப்பட்டது. அதை வைத்துத் தகைவு கணக்கிட முடியாது. மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, வெளிச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு மாதிரி அனுப்ப அனுமதி வாங்கினேன். அனுமதிக்கே பல வாரம் பிடித்தது. முடிவுகள் வந்த பிறகுதான், அனுப்பப்பட்ட மாதிரிகள் வேறு கார்பன் அளவு கொண்ட செங்கல் என்று தெரிந்தது. விற்றவர்கள் கிடங்கிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து நேராகச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சோதனைக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே தவணையில் போய்விட்டது. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் யாரிடமாவது கத்தியிருப்பேன். கத்தத்தான் ஆள் இல்லை, எல்லோரும் மின்னஞ்சலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அதனால் மாதிரி விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். லேடிலுக்குள் கட்டப்போகும் அதே அடுக்கிலிருந்து நீங்களே போய் செங்கலை எடுத்து, எண் எழுதி, படம் பிடித்து, உங்கள் கையால் அனுப்புங்கள். சோதனைக்கூடத்திடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, சூடாக்கும்போது காற்று படாமல் பார்த்துக்கொள்வார்களா என்பது. மெக்னீசியா-கார்பன் செங்கலைத் திறந்த காற்றில் சூடாக்கினால் கார்பன் எரிந்து போகும். பிறகு அளக்கப்படுவது உங்கள் செங்கல் அல்ல. இரண்டு, பிசின் கரியாகும் கட்டத்தைத் தாண்டிய மாதிரியா, புது மாதிரியா என்பது. புதுச் செங்கலைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். முதல் சூட்டில் அது சிதைந்து கரியாகும்போது, இடையில் ஒரு கட்டத்தில் வலிமை நன்றாகவே இறங்குகிறது. லேடிலின் ஆயுளில் பெரும்பகுதி அந்தக் கரியான நிலையில்தான் ஓடுகிறது என்பதால், புதுச் செங்கலின் எண் அதிகம் பயன்படாது.

யங் குணகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலி அதிர்வு முறையில் அளந்தால் ஒரு எண் வரும். அழுத்திப் பார்த்து, தகைவுக்கும் திரிபுக்கும் (நீளம் மாறும் விகிதம்) வரைந்த கோட்டின் சரிவை எடுத்தால் வேறு எண் வரும். இந்த வகைச் செங்கலில் ஒலி முறை எண் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். செங்கலுக்குள் ஏற்கெனவே நிறைய நுண்விரிசல்கள். ஒலி அலை கொடுக்கும் திரிபு மிகச் சிறியது, அதில் அவை அசைவதில்லை. நிஜ அழுத்தத்தில் அசைகின்றன. அறிக்கையில் "யங் குணகம்" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த முறை என்று கேட்காமல் மாடலுக்குள் ஏற்றாதீர்கள். உங்கள் தகைவு முழுதும் அந்த எண்ணோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும்.

சோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் வெப்பநிலைக் கணக்கைத் தொடங்கினேன். எனக்கு முன்பு அங்கே இருந்த ஒருவர் பாதியில் விட்டுப்போன மாடல் கோப்பு இருந்தது. ஓட்டிப் பார்த்தால், அறை வெப்பநிலையில் தொடங்கிய செங்கலுக்குள், உருகிய எஃகு பட்டவுடன் ஓரிடத்தில் மைனஸ் டிகிரி காட்டியது! சூடான எஃகு பட்டுச் செங்கல் உறைந்து போகிறதாம். சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. காரணம் மெஷ்ஷும் (சுவரைச் சின்னச் சின்ன எலிமெண்ட்களாகப் பிரித்த வலை) நேரப்படியும் (கணக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டும் நேரம்) ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான். எலிமெண்ட் நீளத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணின் (சூடு பொருளுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) ஆறு மடங்கால் வகுத்தால் ஒரு நேரம் வரும். நேரப்படி அதைவிடச் சின்னதாக இருந்தால் இப்படிப் பொய்யான ஏற்ற இறக்கம் வரலாம். எங்கள் செங்கலுக்குப் பரவல் எண் நொடிக்கு 2 சதுர மில்லிமீட்டரை ஒட்டி. எலிமெண்ட் 20 மில்லிமீட்டர் என்றால் அந்த நேரம் சுமார் 30 நொடி. கோப்பில் நேரப்படி ஒரு நொடி. எஃகு பட்ட முதல் 10 நொடியில் சூடு உள்ளே போகும் ஆழமே 4, 5 மில்லிமீட்டர்தான். ஆகவே சூடான முகத்தில் எலிமெண்ட் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிதாக இருக்க வேண்டும், உள்ளே போகப் போகப் பெரிதாக்கலாம். நேரப்படியைப் பெரிதாக்கி இந்தச் சிக்கலை மறைக்கவும் முடியும். ஆனால் விளிம்பு தெறிப்பதற்குக் காரணமான அந்த முதல் நிமிடத்தின் வெப்பநிலைச் சரிவு அப்போது தொலைந்துபோகும்.

அடுத்தது, ஒரு முறை நிரப்பிக் காலி செய்வதை மட்டும் ஓட்டிவிட்டு முடிவு எழுதும் பழக்கம். நிறையப் பேர் அப்படிச் செய்வதைப் பிறகு பார்த்தேன். 10 சென்டிமீட்டர் பாதுகாப்பு அடுக்கை மட்டும் எடுத்தாலே, சூடு அதைக் கடந்து நிலைபெற மணிக்கணக்காகிறது. முழுச் சுவருக்கு ஒரு நாள் அளவில் ஆகும். ஒரு சுற்று ஓரிரு மணி நேரம்தான். எனவே சுற்று மேல் சுற்றாக ஓட்டி, அடுத்தடுத்த சுற்றுகளில் ஷெல் வெப்பநிலை ஒரே மாதிரி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அது வேலையில் இருக்கும் லேடில். அதே சமயம் முதல் சுற்றையும் விடக்கூடாது. செங்கலுக்கு மிகக் கடுமையான அடி பெரும்பாலும் அதில்தான் விழுகிறது. இரண்டுமே வேண்டும், கேள்விகள் வேறு வேறு.

கையால் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. ஷெல் 300 டிகிரியில் இருந்தால், கதிர்வீச்சாலும் காற்றாலும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோவாட் வெளியேறும். உள்ளேயிருந்து அதே அளவு வர வேண்டும். 1300 டிகிரி வித்தியாசத்தை அடுக்குகளின் மொத்தத் தடையால் வகுத்துப் பார்த்தால், இன்சுலேஷனின் கடத்துதிறன் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் தடையில் பாதிக்கு மேல் அந்த மெல்லிய இன்சுலேஷனிலேயே இருந்தது. அது அழுந்தித் தடிமன் குறைந்தால் எல்லாமே மாறும். புதுப் பலகையின் தாளில் இருக்கும் தடிமனை அப்படியே போட்டால், கணக்கில் ஷெல் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். கழற்றிய பழைய லேடிலில் போய் இன்சுலேஷனை அளந்து பாருங்கள். இன்னொரு சின்னப் பொறி: மில்லிமீட்டர்-டன்-நொடி அலகில் வேலை செய்தால், கதிர்வீச்சு மாறிலியில் பத்தின் படி மைனஸ் 8 என்பது மைனஸ் 11 ஆகும். செல்சியசில் ஓட்டினால், தனிச்சுழி வெப்பநிலை மைனஸ் 273.15 என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் மென்பொருள் எச்சரிக்காது, அமைதியாகத் தவறான பதில் தரும்.

சரி, வெப்பநிலை ஒரு வழியாக வந்தது. தகைவை ஓட்டினேன். சுவரைத் தொடர்ச்சியான ஒரே பொருளாக எடுத்த முதல் ஓட்டத்தில் சூடான முகத்தில் 300 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம். செங்கல் நொறுங்குவது 40 வாக்கில். படம் முழுக்கச் சிவப்பு. அந்தப் படம் எப்படியோ கூட்டம் ஒன்றில் திரையில் வந்துவிட்டது. "அப்ப லேடில் ஒவ்வொரு தடவையும் வெடிச்சுச் சிதறணுமே, ஏன் சிதறல?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாமல் நின்றதை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. அதன் பிறகு சில வாரங்கள் தூக்கம் சரியில்லை. இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

எண் எங்கிருந்து வந்தது என்பது எளிது. யங் குணகம் 30 கிகாபாஸ்கல், விரிவு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு, வெப்பநிலை ஏற்றம் 1000 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 360 மெகாபாஸ்கல். நீளவாக்கில் கொஞ்சமும் விரிய வழியில்லாமல் இறுக்கிப் பிடித்த பொருளுக்குத்தான் இது பொருந்தும். லேடில் சுவர் அப்படி இல்லை. அதை எனக்குப் புரிய வைத்தவர் லைனிங் கட்டும் மேஸ்திரி. படத்தைக் காட்டியபோது அதைப் பார்க்கவேயில்லை. "சார், இதுல ஜாயிண்ட் எங்க இருக்கு?" என்றார். "இல்லைண்ணே, சுவர் முழுசா ஒண்ணாத்தான் எடுத்திருக்கு" என்றேன். "தாள் நுழையாத மாதிரி அடிச்சுக் கட்டினா முதல் சூட்டுலயே விளிம்பு தெறிக்கும். ரொம்ப விட்டுக் கட்டினா இரும்பு உள்ள பூந்துடும். நாங்க அதுக்கு நடுவுலதான் கட்டுறோம்."

அவர் சொன்ன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உள்விட்டம் 3 மீட்டர் என்றால் சுற்றளவு 9.4 மீட்டர். சூடான முகம் 1.2 சதவீதம் விரிந்தால், அந்த வளையம் 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கிறது. 15 சென்டிமீட்டர் அகலச் செங்கல் என்றால் வளையத்துக்கு அறுபது சொச்சம் இணைப்புகள். ஒவ்வொன்றிலும் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் மொத்தம் இரண்டரை சென்டிமீட்டர். அந்த இடைவெளி அடைவதற்கு 220, 230 டிகிரி ஏற்றமே போதும். மீதி விரிவுக்கு இடம் எங்கே? ஷெல்லும் சூடாகி விரிகிறது, ஆனால் ஆரத்தில் சில மில்லிமீட்டர்தான். செங்கலுக்கும் பாதுகாப்பு அடுக்குக்கும் நடுவே கொட்டி இடிக்கும் நிரப்புப் பொடி கொஞ்சம் அழுந்திக் கொடுக்கிறது. மிச்சத்தைச் செங்கலே நசுங்கி வாங்கிக்கொள்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. செங்கலின் முன்முகம் சூடு, பின்முகம் குளிர்ச்சி. அதனால் இணைப்பு முன்பக்கம் அடைந்து, பின்பக்கம் ஆப்பு வடிவில் திறந்தே இருக்கும். இரண்டு செங்கல்களும் முன்விளிம்பில் மட்டும் மோதிக்கொள்கின்றன, மொத்த விசையும் அந்தச் சில சென்டிமீட்டரில் இறங்குகிறது. எங்கள் லேடிலில் சில்லுகள் விளிம்பிலேயே தெறித்ததற்குக் காரணம் அதுதான். சுவரை ஒரே பொருளாக எடுத்த எந்த மாடலும், எவ்வளவு நுண்ணிய மெஷ் போட்டாலும், இதைக் காட்டாது.

ஆகவே இதே வேலையைத் தொடங்குபவருக்கு என் முதல் யோசனை: முழு லேடிலை வரையாதீர்கள். ஒரு வளையத்தில் அரைச் செங்கலை எடுத்து, இரு பக்கமும் சமச்சீர்த் தளம் வைத்து, ஒரு பக்கத்தில் இணைப்பின் பாதி இடைவெளியை விட்டுத் தொடர்பு விதி (இடைவெளி அடைந்ததும் முகங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது) கொடுங்கள். பின்னால் நிரப்புப் பொடி, பாதுகாப்பு அடுக்கு, ஷெல். இந்தச் சின்ன மாடல் சில நிமிடத்தில் ஓடிவிடும், இடைவெளியை மாற்றி மாற்றி ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பதில் சொன்னது. முழு முப்பரிமாண மாடலை நிர்வாகத்தின் ஆசைக்காகப் பிறகு செய்தேன். தொடர்புகள் ஒருங்காமல், அதாவது கணக்கு ஒரு விடையில் நிலைபெறாமல், நள்ளிரவில் நின்று நின்று போன அந்த ஓட்டங்களில் நான் புதிதாகக் கற்றது, மேல் விளிம்புத் தகட்டுக்குக் கீழே செங்குத்து விரிவுக்கு இடமில்லை என்பது ஒன்றுதான். ஷெல் மேலே புடைத்ததற்கு அது விளக்கம் தந்தது. மூன்றரை மீட்டர் உயரச் சுவர் ஒரு சதவீதம் வளர்ந்தால் மூன்றரை சென்டிமீட்டர். அது எங்காவது போகத்தானே வேண்டும்.

இடைவெளி வந்ததும் தகைவு பாதிக்கும் கீழே இறங்கியது. அப்போதும் விளிம்பில் நொறுங்கும் வலிமைக்கு மேலேயே இருந்தது. அடுத்துச் சேர்க்க வேண்டியது க்ரீப். 1200 டிகிரிக்கு மேல், இறுகி நிற்கும் செங்கல் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கிறது. அதைச் சேர்த்தால் சூடான முகத்தில் அழுத்தம் இன்னும் இறங்கும். "பார்த்தீங்களா, தாங்கும்" என்று சொல்லத் தோன்றும், சொல்லிவிடாதீர்கள். லேடில் காலியாகி ஆறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சூட்டில் தளர்ந்து குறுகிய முன்பகுதி, குளிரும்போது தன் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, அதைவிடக் குட்டையாகிறது. பின்பகுதியில் அந்த மாற்றம் இல்லை. முன்பகுதியில் இழுவிசை வருகிறது, இணைப்புகள் முன்பக்கம் திறக்கின்றன, அடுத்த முறை எஃகு அங்கே நுழைகிறது. இந்தச் செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் மிகப் பலவீனம். நாங்கள் அதுவரை நிரப்பும் கணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீண்ட நேரம் மூடியில்லாமல் காத்திருக்கும் லேடில்களில் சேதம் ஏன் கூடுதல் என்ற ஆலையின் பழைய புதிருக்கு ஆறும் கட்டம்தான் விடை தந்தது. க்ரீப் தரவு வாங்கும்போது அழுத்தத்தில் அளந்ததா, இழுவையில் அளந்ததா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கணக்கைச் சரிபார்க்க வெப்பநிலை அளவு வேண்டும். செங்கலின் சூடான முகத்துக்கு அருகே பிளாட்டினம் வகைத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கார்பன் செங்கலுக்குள் இருக்கும் ஒடுக்கச் சூழல் அதைக் கெடுத்துவிடும், விலையும் கையைக் கடிக்கும். செங்கலுக்கும் பாதுகாப்பு அடுக்குக்கும் நடுவே உறையிட்ட கே வகை, ஷெல்லில் வெளியே சில புள்ளிகள், இவை போதும். ஷெல்லை அகச்சிவப்புக் கருவியால் அளப்பதானால், துருப் படிந்த எஃகுக்கு உமிழ்திறன் (பரப்பு எவ்வளவு கதிர்வீச்சு விடும் என்பதன் அளவு) 0.8-க்கு மேல் வையுங்கள். வேறு பரப்புக்கு வைத்த எண்ணோடு விட்டுவிட்டால் கணக்கும் அளவும் ஒத்துப்போகாது. பழி மாடல் மேல் விழும்.

அறிக்கையில் கடைசியில் தகைவுப் படமே வைக்கவில்லை. இணைப்பு இடைவெளி 0.2, 0.4, 0.8 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைக்கும், முன்சூடு (எஃகு ஊற்றுமுன் லேடிலைச் சூடாக்கும் அளவு) 800, 1000, 1200 டிகிரி என்ற மூன்று நிலைக்கும், பழைய செங்கலையும் புதுச் செங்கலையும் அருகருகே வைத்து, விளிம்பில் நொறுங்கும் ஆழம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை மட்டும். யங் குணகம் உறுதியில்லாததால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பு கொடுத்தேன். "கரெக்ட்டா ஒரே நம்பர் சொல்லுங்களேன்" என்று அழுத்தம் வந்தது. செங்கல் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது என்று சோதனை முடிவுகளையே எடுத்துக் காட்டியபோது அடங்கியது. எந்த இடைவெளியிலும் புதுச் செங்கல் பழையதைவிட மோசம்தான். ஆனால் முன்சூட்டை 1100-க்கு மேல் கொண்டுபோய், செங்குத்து இணைப்புகளில் சிலவற்றில் எரிந்து மறையும் அட்டை வைத்துக் கட்டினால் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கியது. அந்த நிபந்தனையோடு புதுச் செங்கல் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் போனது. ஸ்லாக் (எஃகின் மேல் மிதக்கும் உருகிய கசடு) உரசும் மேல்வரிசைகளில் கார்பன் அதிகமான பழைய செங்கலே தொடர்கிறது. மேல் விளிம்புத் தகட்டை மாற்றி விரிவுக்கு இடம் விடும் வேலை, அடுத்த பெரிய பராமரிப்பு நிறுத்தத்துக்கான பட்டியலில் இருக்கிறது.